அட்டப்பாடியின் குருதியும் அரிவாள் வடிவ அணுவும்

பவானியும் சிறுவாணியும் பாயும் அட்டப்பாடி இன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனைகட்டியைக் கடந்தால் கோவை மாவட்டம், வடக்கே நீலகிரி. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை இம்மூன்று நிலப்பகுதிகளும் சென்னை மாநிலத்துக்குள்ளேயே இருந்தன. அன்றைய அட்டப்பாடி, மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதி. பின்னர் வந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் இருளர் வாழ்கின்றனர். அவர்களின் மொழி தமிழுக்கு மிக நெருக்கமானது. அவர்கள் குருதியில் தொடரும் ஒரு மரபுக்கூறும் எல்லைக்கோட்டை அறியாதது.

அக்கூறு முதலில் கண்ணில் பட்டது சிகாகோவில். 1904இல் கிரெனடா தீவைச் சேர்ந்த பல்மருத்துவ மாணவர் ஒருவர் அங்குள்ள மருத்துவமனைக்கு வந்தார். அவரது குருதியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்களில் சில நீண்டு வளைந்து தோன்றின. மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டபோது, அரிவாளை உவமையாக்கினார். அந்த உவமையே நோயின் பெயராக நிலைத்தது. தமிழில் அரிவாளணுச் சோகை என்கிறோம். மலையாளத்திலும் அரிவாள் என்ற அதே சொல்லே வழங்குகிறது.

வடிவம் ஏன் மாறுகிறது என்பது 1949இல் தெளிவாகத் தொடங்கியது. நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்வதை லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினர். அப்புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதை 1950களின் பிற்பகுதியில் வெர்னன் இங்ராம் கண்டறிந்தார். ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் இழைகளாகத் திரண்டு அணுவை வளைக்கிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. தாங்கமுடியாத வலி வருகிறது. இயல்பான சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாளணு 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். சோகை அதன் விளைவு.

இந்தியாவில் இக்கூறு பதிவானது 1952இல். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரி மக்களின் குருதியில் அதைக் கண்டு, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அறிவித்தனர். எனினும், அவர்களின் முதன்மைத் தேடல் நோயாளிகளைப் பற்றியதன்று. எந்த இனக்குழு எங்கிருந்து வந்தது, ஆப்பிரிக்காவுக்கும் தென்னிந்தியாவுக்கும் தொல்பழங்கால உறவு உண்டா என்ற மானிடவியல் வினாவே ஆய்வை இயக்கியது. பழங்குடியினரின் குருதி முதலில் வரலாற்றுச் சான்றாகவே படிக்கப்பட்டது. அதைச் சுமந்தவர்களின் வலி மருத்துவத்தின் கவனத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

லேமன் எழுப்பிய வினா பின்னர் வேறு வடிவம் கொண்டது. மலேரியா மிகுந்த இடங்களில், பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்றவர்களுக்குக் கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது என்று 1954இல் ஆந்தனி அலிசன் காட்டினார். ஆகவே ஓரிடத்தில் இக்கூறு மிகுந்திருப்பதை விளக்க இனக்கலப்பு தேவையில்லை. கொசுவும் காய்ச்சலுமே போதும். 1980களின் டி.என்.ஏ. ஆய்வுகள், இந்தியாவிலும் அரேபியாவிலும் காணப்படும் மரபணுப் பின்னணி ஆப்பிரிக்க வகைகளிலிருந்து வேறுபட்டது என்றும் காட்டின. அதன் தோற்றம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை.

அட்டப்பாடியில் இந்த வரலாறு அன்றாட மருத்துவச் சிக்கலாக நிற்கிறது. 2013இல் அங்கு நிகழ்ந்த பச்சிளங்குழந்தை இறப்புகள் நாடு முழுவதும் பேசப்பட்டன. ஊட்டச்சத்துக் குறைவு விவாதத்தின் மையமானது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையும் அரிவாளணுச் சோகையும் கீழ்இமையில் ஒரே வெளிறிய நிறமாகவே தெரியும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். இமையைப் பார்த்து இரும்பு மாத்திரை கொடுப்பதோடு நின்றால், வளையும் அணு வளைந்துகொண்டே இருக்கும்.

சோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடிச் சில்லில் ஒரு துளி குருதியோடு ஆக்சிஜனை நீக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால் அணுக்கள் வளையும். ஆனால் ஒற்றை மரபணு உள்ளவரின் அணுக்களும் வளையும். இரட்டை மரபணு உள்ள நோயாளியிலிருந்து அவரைப் பிரித்தறிய, ஹீமோகுளோபின் வகைகளை அளவிடும் அடுத்த சோதனை தேவை. முதல் சோதனையோடு நிறுத்திவிட்டால், நலமாக வாழும் ஒருவர் வாழ்நாள் முழுதும் நோயாளி என்ற பெயரோடு இருக்க நேரும். அப்பெயர் திருமணப் பேச்சுவரை பின்தொடரும். உண்மையில் கவனிக்கவேண்டியது இணை: கணவன், மனைவி இருவரும் ஒற்றை மரபணு உள்ளவர்களாயின், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காகக் கொண்டது. சோதிக்கப்பட்டவர்க்கு அவரது நிலையைக் கூறும் அட்டையும் தரப்படுகிறது. இருளர் குடும்பங்களின் உறவு ஆனைகட்டிக்கு இருபுறமும் நீள்வதால், கோட்டத்தறை மருத்துவமனையில் பெற்ற முடிவு கோவையிலும் படிக்கப்படவேண்டும். அந்த அட்டையில் எழுதியிருப்பது என்ன என்பதை அவர்களுக்கு அவர்களின் மொழியிலேயே சொல்லவும் வேண்டும். 1952இல் குருதி கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் கடனாக நிற்கிறது.