தொல்காப்பிய ஆறறிவு மரபும் புலனுணர்வும்: போடிமெட்டு ஏலமணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

உயிர்கள் உலகை எவ்வாறு அறிகின்றன என்னும் வினாவிற்குத் தமிழில் கிடைக்கும் பழைய விடை தொல்காப்பிய மரபியலில் உள்ளது. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் என ஐந்தறிவுகளை வரிசைப்படுத்தி, மனத்தை ஆறாவதாக வைக்கிறது அவ்வியல். இவ்வகைப்பாட்டை முன்னோர் நெறிப்படுத்தியதாகவே தொல்காப்பியர் குறிப்பிடுகிறார். அம்மரபில் மனம் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபியலும் பிற மரபுகளும்

புல்லும் மரமும் ஓரறிவின. கறையானும் எறும்பும் மூவறிவின. நண்டும் தும்பியும் நாலறிவின. மக்கள் ஆறறிவினர் என்பது மரபியல். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரமும் இதே புலவரிசையைக் கொண்டது. அங்கும் எறும்பிற்கு மூன்று புலன்கள், வண்டிற்கு நான்கு. இத்தகைய ஒற்றுமைகளைச் சான்றாகக் கொண்டு தொல்காப்பியரைச் சமணர் எனக் கருதினார் ச. வையாபுரிப்பிள்ளை. மரபியலின் சில பகுதிகளைப் பிற்காலச் சேர்க்கை என்பாரும் உளர்.

எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சூத்திரம் மக்களை ஐம்புல உயிர்களுள் அடக்கி, மனமுடைமையைத் தனியே கூறுகிறது. மரபியலோ மனத்தையும் எண்ணிற் சேர்த்து ஆறு என்கிறது. பௌத்தமும் ஆறு என்றே எண்ணும். ஆயின் அதன் வரிசை கண்ணில் தொடங்குவது. ஆகவே வரிசையால் சமணத்தையும் எண்ணிக்கையால் பௌத்தத்தையும் ஒத்து நிற்கிறது மரபியல்.

போடிமெட்டின் ஏலமணம்

மனத்தை எண்ணிற் சேர்த்ததன் பொருண்மையைக் குறிஞ்சி நிலச் சான்று ஒன்றால் விளக்கலாம். தேனி மாவட்டப் போடிநாயக்கனூரிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறும் மலைச்சாலை, இடுக்கி மாவட்ட எல்லையில் போடிமெட்டை அடைகிறது. அப்பால் விரிவன ஏலத்தோட்டங்கள்.

ஏலத்தின் மணத்திற்குச் சினியோல் முதலிய ஆவியாகும் சேர்மங்கள் காரணமாகும். அவை மூக்கின் மேற்பகுதியிலுள்ள நரம்பணுக்களின் ஏற்பிகளைத் தூண்டுகின்றன. இவ்வேற்பிகளுக்குரிய மரபணுக் குடும்பத்தை 1991இல் வெளிப்படுத்திய லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் செயற்படும் முகர்வு ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு மணத்திற்கு ஓர் ஏற்பி என்னும் முறை அங்கில்லை. பல ஏற்பிகள் ஒருங்கே அனுப்பும் குறிப்புகளின் கோலத்தையே மூளை 'ஏலம்' என அறிகிறது.

சினியோல், குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்னும் ஏற்பியையும் தூண்டவல்லது. அதனால் ஏலத்தை மெல்லும்போது, வாயின் வெப்பநிலை குறையாமலே குளிர்ச்சி தோன்றுகிறது. மெட்டின் பனிக்காற்றும் இவ்வேற்பியைத் தூண்டும். ஒன்றைக் காற்றென்றும் மற்றொன்றை ஏலமென்றும் பிரித்தறிவது, பிற புலன்களின் குறிப்புகளையும் நினைவையும் இணைத்து நோக்கும் மூளையே.

பொறியே இல்லாதவிடத்தும் உணர்வு எழுதல் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் நிகழ்த்திய ஆய்வுகளில், கையிழந்தோர் சிலர் தம் முகம் தொடப்பட்டபோது இல்லாத கையிலும் தொடுகையை உணர்ந்தனர். மூளையில் முகத்திற்கும் கைக்கும் உரிய பகுதிகள் அடுத்தடுத்து இருப்பதைக் கொண்டு அவர் இதனை விளக்கினார். அவ்விளக்கம் பின்னர் விவாதத்திற்கு உள்ளாயினும், உணர்வு பொறியளவில் முடிவதன்று என்பது தெளிவு.

முடிவுரை

மரபியலின் உயிர்ப்பாகுபாட்டை இன்றைய உயிரியலாகக் கொள்ளுதல் பொருந்தாது. பல எறும்பினங்கள் கண்ணால் காண்பவை. தாவரங்கள் ஒளியை உணர்பவை. மரபியல் கூறும் மனமும் மூளையும் ஒன்றே எனவும் துணிதற்கில்லை. ஆதலின் தொல்காப்பியர் அறிவியலை முன்னறிந்தார் எனப் போற்றுதல் வரலாறு ஆகாது. அதுபோன்றே, வரிசை ஒற்றுமை ஒன்றையே கொண்டு அவரை ஒரு சமயத்தினுள் அடக்குதலும் முடிந்த முடிபாகாது. பொறிகள் தருவனவற்றோடு அறிவு நிறைவுறுவதில்லை எனக் கொண்டு, மனத்தையும் அறிவாக எண்ணியதே இம்மரபின் தனித்தன்மை. தொல்காப்பியரின் சமயம் குறித்த ஆய்வுகள் இவ்வெண்ணிக்கைக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளன.