பாத்திரம் யார் கையில்?

தமிழ்நாட்டு லுத்தரன் சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். 1706 ஜூலை 9, தரங்கம்பாடிக் கடற்கரை. சீகன்பால்கும் புளுட்சோவும் கப்பலிலிருந்து இறங்குகிறார்கள். அப்புறம் அச்சுக்கூடம், 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், 1718ல் புதிய எருசலேம் கோயில். எல்லாம் உண்மை, எல்லாம் பெரிய காரியங்கள். எம்.ஏ. தமிழ் வகுப்பில் எனக்கும் இதைத்தான் ‘உரைநடை வளர்ச்சிக்குக் கிறித்தவர் தொண்டு’ என்று பத்து மார்க் கேள்வியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பத்து மார்க் விடையில் ஒரு விஷயம் மட்டும் வராது. கோயில் கட்டியாச்சு, வேதம் அச்சடிச்சாச்சு, சரி. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயிலுக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள்? யார் கையால் யார் அப்பம் வாங்கினார்கள்?

1707 மே 12ல் தரங்கம்பாடியில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஐந்து பேர். டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். சபை கீழேயிருந்துதான் தொடங்கியிருக்கிறது. பிறகு வெள்ளாளர் முதலிய சாதிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் சாதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. கோயிலுக்குள் சாதிவாரியாக விலகி உட்காரும் வழக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. இதற்கு மிஷனரிகளின் எழுத்துகளே சாட்சி. புதிய எருசலேம் கோயிலைச் சிலுவை வடிவத்தில் கட்டினார்கள். விலகி உட்காருகிறவர்களுக்குச் சிலுவையின் கைகளும் வசதியாகிப் போயின.

இந்தச் சபையில்தான் ராஜநாயக்கன் வந்து சேர்கிறார். 1700ல் பறையர் குடும்பத்தில் பிறந்தவர். ரோமன் கத்தோலிக்கர். தஞ்சை மன்னரின் படையில் வேலை. தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது, படித்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பறையர் சிப்பாய் புத்தகம் படிக்கிறார். ‘வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு எழுத்தே வந்தது’ என்று நம்மவர்களே மேடையில் பேசுகிறார்கள். ராஜநாயக்கன் படித்துவிட்டுத்தான் மிஷனைத் தேடிப் போனார். 1720களின் கடைசியில் படைவேலையை விட்டு உபதேசியார் ஆனார். 1771ல் சாகும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அந்த வேலையைச் செய்தார். தஞ்சைச் சீமையில் ஐரோப்பிய மிஷனரிகள் நினைத்தபோது நுழைய முடியாத ஊர்களில் நடந்து நடந்து சபைகளைக் கட்டியது அவரைப் போன்ற உபதேசியார்கள்தான்.

1733 டிசம்பர் 28ல் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்டு சுதேச குரு அவர். கடலூர்க்காரர், வெள்ளாளர். இரண்டாவது குரு யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. உழைப்பிலோ பக்தியிலோ அவருக்குக் குறை சொல்ல ஆளில்லை. ஆனாலும் 1741ல் பட்டம் போனது தியோகுவுக்கு. காரணத்தை மிஷனரிகள் மறைக்கவில்லை. ராஜநாயக்கன் கையால் இராப்போஜனம் கொடுத்தால் மேல்சாதிக் கிறித்தவர்கள் அந்தச் சடங்கையே மதிக்கமாட்டார்கள் என்று தயங்கினார்கள். பிரசங்கம் பண்ணலாம், பாடம் சொல்லலாம், அடிவாங்கலாம். அப்பத்தையும் பாத்திரத்தையும் மட்டும் தொடக்கூடாது.

இதை வெறும் வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. லுத்தரன் சபையின் சொந்த உபதேசத்தையே எடுத்துப் பார்ப்போம். மார்ட்டின் லூதர் ரோமாபுரியோடு போட்ட சண்டைகளில் ஒன்று பாத்திரத்துக்கான சண்டை. அன்றைக்கு ஜனங்களுக்கு அப்பம் மட்டும்தான் கிடைக்கும், திராட்சரசம் குருக்களுக்கு. பாத்திரம் எல்லோருக்கும் உரியது என்றார் லூதர். விசுவாசிகள் எல்லோரும் ஆசாரியர்கள் என்றார். 1530ல் எழுதிய ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் எட்டாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சாக்கிரமெந்தின் வல்லமை கிறிஸ்துவின் கட்டளையிலிருந்து வருகிறது, ஆகவே பொல்லாத குருவின் கையால் வாங்கினாலும் அது செல்லும் என்கிறது. பொல்லாதவன் கை பரவாயில்லை, பறையன் கை ஆகாது! ஆக்ஸ்பர்க்கிலிருந்து தரங்கம்பாடி வருவதற்குள் இந்த எட்டாம் பிரிவு கடலில் எங்கேயோ விழுந்துவிட்டது.

இரண்டு பெயர்களைக் கவனியுங்கள். குருவுக்குச் சபையில் வழங்கிய பெயர் ‘ஐயர்’. சீகன்பால்கையர், போப்பையர், அவர்கள் வழியில் நம் நாட்டுக் குருமாரும் ஐயர்தான். சேரியில் ஊழியம் செய்தவருக்குப் பெயர் ‘உபதேசியார்’. பட்டப் பெயர் வைக்கும்போதே படிக்கட்டும் வைத்தாச்சு. என் ஆயா சொல்வது இது: “அய்யரு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வண்டி கட்டிக்கிட்டு வருவாரு. அன்னிக்கு ராப்போசனம். மத்தபடி எங்களுக்கு எல்லாம் உபதேசியாருதான். மணி அடிக்கிறது அவரு, ராத்திரி லாந்தர் வெளிச்சத்துல அ ஆ சொல்லிக்குடுக்கிறது அவரு, செத்தா குழிக்குப் பக்கத்துல நிக்கிறதும் அவரு. பெரிய கோயிலுக்குப் போனா நாங்க கடைசிலதான் எழுந்து போவோம். போன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எங்களுக்கே தெரியும்.”

ஆயாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் லூதரின் சிறிய ஞானோபதேசம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் மனப்பாடம். கற்றுக்கொடுத்தவர் உபதேசியார். பட்டா மனு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். ‘போதனை ஊழியம்’ என்று இறையியல் கல்லூரியில் தனிப்பாடமாகச் சொல்லித்தருகிறார்களே, அதைச் சேரியில் செய்துகாட்டியவர்கள் இவர்கள்.

19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். லுத்தரன் மிஷனரிகள் உண்டாக்கிய தஞ்சாவூர், வேப்பேரிச் சபைகள் அதற்குள் ஆங்கிலிக்கன் மிஷன் கைக்குப் போயிருந்தன. மேல்சாதியார் முதலில் இராப்போஜனம் வாங்குவது, இடத்துக்கு இடம் தனிப் பாத்திரமே வைப்பது, எல்லாம் அங்கே நடந்தது. 1820களின் கடைசியில் சில மிஷனரிகள் இதை ஒழிக்கப் பார்த்தபோது எதிர்த்து எழுதியவர் வேதநாயகம் சாஸ்திரியார். நம் கோயில்களில் இன்றும் கீர்த்தனைகளாகப் பாடப்படும் அதே கவிராயர். 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முற்றாக விடவேண்டும் என்று உத்தரவு போட்டார். வெள்ளாளக் குடும்பங்கள் கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியேறின. நம்மோடு சேர்ந்து வாங்குவதைவிட வாங்காமலே இருப்பது மேல் என்று போனார்கள்.

போனவர்களில் பலருக்குப் பிறகு கதவு திறந்தது யார்? 1840களில் வந்த ஜெர்மன் லுத்தரன் மிஷன்தான். லைப்சிக் மிஷன் என்று பெயர். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் சாதாரண ஆளில்லை. 1849 முதல் 1853 வரை இந்தியாவில் சுற்றித் தமிழ்ச் சுவடிகளையும் நூல்களையும் சேர்த்தவர், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். சாதி ஒரு சமூக ஒழுங்கு, அதைக் கட்டாயத்தால் ஒழிக்கமுடியாது, சுவிசேஷம் உள்ளேயிருந்து மெல்ல மெல்லக் கரைக்கும் என்பது அவர் வாதம். 1850ல் சென்னையில் கூடிய மிஷனரிகள், தலித் சமைத்ததைச் சேர்ந்து உண்டு சாதியை விட்டதைக் காட்டாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று முடிவெடுத்தார்கள். லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை. ஆங்கிலேய மிஷனரிகள் மக்களின் பழக்கவழக்கத்தை மதிக்காமல் திணித்தார்கள் என்ற கிரவுலின் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ‘மெல்ல மெல்ல’ என்று யாருடைய தலையில் கைவைத்துச் சொல்கிறீர்கள்? காத்திருக்கச் சொன்னது யாரை? தமிழ்ப் பண்பாட்டைப் புரிந்துகொண்ட அறிஞர் என்று அவரைக் கொண்டாடும்போது, அந்தப் பண்பாடு வெள்ளாளருடையது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

லைப்சிக் மிஷனுக்குள்ளேயே இதை ஏற்காதவர்கள் இருந்தார்கள். கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி சாதிப் பிரச்சினையில் முரண்பட்டுப் பிரிந்து, தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் 1860களில் டேனிஷ் மிஷன் ஊழியத்தைத் தொடங்கினார். பிற்பாடு ஆற்காடு லுத்தரன் திருச்சபையானது அந்த வழி. அவரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

1919ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. 1956ல் ராஜா பி. மாணிக்கம் அதன் முதல் இந்தியப் பேராயரானார். தலைமை சுதேசியானது. சுதேசியானதால் சாதி போயிற்றா? அதிகாரம் வெள்ளைக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்று ஒவ்வொரு சபையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆராதனையிலும் இதே கதை. ஜெர்மன் மெட்டில் ஞானப்பாட்டு உண்டு, கர்நாடக ராகத்தில் கீர்த்தனை உண்டு. பறை? அது சாவுக்கு அடிப்பது, சாத்தானுக்கு உரியது என்று வெளியே நிறுத்தினார்கள். நம் ஆட்கள் அடித்த கருவிக்கும் தீட்டு. இதை உடைத்தது மதுரை அரசரடி. லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்தும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ‘பரட்டை’ தியோபிலஸ் அப்பாவு, கிராமிய மெட்டில் ஆராதனை முறையே எழுதினார். அவர் தென்னிந்தியத் திருச்சபைக்காரர், 2005ல் இறந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து தின்பதில்தான் நற்கருணையின் பொருள் இருக்கிறது என்று பாட்டாலும் பாடத்தாலும் சொன்னவர். சென்னை குருகுல் லுத்தரன் கல்லூரியில் அரவிந்த் நிர்மலும் வி. தேவசகாயமும் தலித் இறையியலைப் பாடமாக்கினார்கள்.

இன்று லுத்தரன் சபை மக்களில் பெரும்பகுதி தலித்துகள். நம்மவர் பலர் அங்கி போட்டுப் பீடத்தில் நிற்கிறார்கள். ஆனாலும் ஆலோசனைச் சங்கத் தேர்தல் வந்தால், கல்யாணப் பேச்சு எடுத்தால், கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், ‘அவங்க நம்மாளா?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. நம் சாதிகளுக்குள்ளேயும் அந்தக் கேள்வி ஓடுகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி வரலாறுதான் எழுதியவனாவேன்.

செய்ய வேண்டிய வேலை நிறைய. தரங்கம்பாடி உபதேசியார்கள் செய்த வேலையை எழுதி மிஷனரிகளிடம் கொடுத்தார்கள். அவற்றில் ஒரு பகுதி ஜெர்மனுக்குப் போய் ஹல்லே நகரத்து அறிக்கைகளில் அச்சாகியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் நம் ஆட்கள் தங்கள் நாட்களைத் தாங்களே எழுதிய எழுத்து அது. ஜெர்மன் படிக்கும் மாணவர்கள் யாராவது அதைத் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஊர் ஊராகச் சேரிக் கோயில்களில் கறையான் தின்றுகொண்டிருக்கும் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் உபதேசியார்களின் நோட்டுகளையும் எடுத்துப் படியெடுக்க வேண்டும். கிழவிகள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆளில்லை. திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சீகன்பால்கு பெயரோடு ராஜநாயக்கன் பெயரையும், அவருக்குப் பட்டம் மறுக்கப்பட்ட காரணத்தையும் சொல்லித்தர வேண்டும். இதற்குப் பேராயர் உத்தரவு தேவையில்லை. வருகிற ஞாயிறே ஒரு உபதேசியார் தொடங்கலாம்.