பேட்டையும் பாரவண்டியும்

ஓர் ஊரின் வாணிப சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கடைவீதியையும் கணக்குப் புத்தகத்தையும் கண்டு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்தக் கடைக்குச் சரக்கைக் கொண்டுவந்து சேர்த்த வண்டியையும், அந்த வண்டி இரவில் தங்கிய இடத்தையும் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. விருதுநகர்ப் பிரதேசத்தைப் பொறுத்தவரை இது பெரிய குறை. வற்றாத நதி இல்லாத, கடற்கரையும் எட்டியிருக்கிற, மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் கரிசல் பூமி ஒன்று, பருத்திக்கும் மிளகாய்க்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்லும் சந்தையாக உயர்ந்தது என்றால், அதற்கு மூலகாரணங்களில் ஒன்று இரண்டு சக்கரங்களின்மேல் ஊர்ந்துவந்த பாரவண்டிதான்.

பாளையக்காரர்களின் அதிகாரம் 1801-இல் ஒடுங்கிய பிறகு, தெற்கே திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டுப் பகுதிகளிலிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலியவற்றோடு வடக்கே வந்த நாடார் வணிகர்கள், சிவகாசி, விருதுப்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஊர்களில் வேரூன்றினார்கள். வழியில் கள்வர் பயம். தங்குமிடத்தில் அந்நியர் என்னும் புறக்கணிப்பு. இவ்விரண்டுக்கும் பரிகாரமாக அவர்கள் நிர்மாணித்தது பேட்டை. சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் உடைய அந்த வளாகத்தினுள் வண்டியை நிறுத்தி, மாட்டை அவிழ்த்து, தீனியும் தண்ணீரும் காட்டி, சரக்கைப் பத்திரப்படுத்திவிட்டு வணிகன் நிம்மதியாகக் கண்ணயரலாம். இதற்கு ஆகும் செலவை ஒருவர் தலையில் கட்டாமல், வியாபாரத்துக்குத் தக்கபடி அவரவரிடம் ‘மகமை’ என்ற பெயரில் வசூலித்துப் பொதுநிதியாக வைத்தார்கள். பிற்காலத்தில் அதே மகமைதான் பள்ளிக்கூடங்களையும் நடத்தியது.

பாரவண்டியின் அமைப்பிலேயே ஒரு சாஸ்திரம் உண்டு. அச்சு ஒன்று, சக்கரம் இரண்டு. ஆகவே மூட்டைகளை எங்கே அடுக்குவது என்பதில்தான் வண்டிக்காரனின் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருந்தது. அச்சுக்கு முன்னால் அதிகம் ஏற்றினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகம் ஏற்றினால் பின்பாரம்; நுகத்தடி மேலே கிளம்ப, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னே சாய்வதையும், இறக்கத்தில் அது முன்னே உந்துவதையும் முன்கூட்டியே உணர்ந்து, சற்றே முன்பாரமாக ஏற்றியவனே தேர்ந்த வண்டிக்காரன். இதற்கும் மேலான விசேஷம் ஒன்றுண்டு: இழுக்கும் மாடு வேறு, இழுபடும் வண்டி வேறு. நுகத்தடிக்கு முட்டுக்கொடுத்து வண்டியை நிறுத்திவிட்டால், சரக்கு ஏறும்வரை மாடு காத்து நிற்க வேண்டியதில்லை; அது மேயலாம், படுக்கலாம், வேறொரு வண்டியிலும் பூட்டப்படலாம்.

1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபோது, இனி வண்டித் தொழில் அழிந்துபோகும் என்று எவரேனும் எண்ணியிருந்தால் அது பாதி உண்மையாகவே முடிந்தது. தூரப் பிரயாணங்களை ரயில் எடுத்துக்கொண்டது. ஆனால் கிராமத்திலிருந்து ஸ்டேஷனுக்கும், ஸ்டேஷனிலிருந்து கிட்டங்கிக்கும் ஆன குறுந்தூர வேலை முன்னைவிடப் பெருகியது. விருதுப்பட்டி 1923-இல் விருதுநகர் என்ற நாமம் பெற்றது. 1927-இல் அங்கிருந்து சிவகாசி வழியாகத் தென்காசிக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. ரயிலுக்குத் தீனி போடும் பொறுப்பு அப்போதும் மாட்டுவண்டியிடமே இருந்தது.

இதற்குச் சற்று முன்னர், 1922-இல், சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், இவ்விரண்டுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழிலும் செழித்தன. இந்த மூன்றும் வண்டித் தொழிலின் தன்மையையே மாற்றிவிட்டன. பருத்திப் பொதியும் மிளகாய் மூட்டையும் போல் அல்லாமல், வீடுகளில் ஒட்டிய வெற்றுப் பெட்டிகளும், குச்சிகளும், அட்டைகளும் இடத்தை அடைக்குமே தவிரக் கனக்கமாட்டா. இத்தகைய இலேசான சரக்கு கிராமத்து வீட்டுக்கும் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று ஜனங்கள் வழங்கும் ஆலைக்கும் இடையே ஓயாமல் போய்வரவேண்டியிருந்தது. பெரிய வண்டியைக் காட்டிலும் தள்ளுவண்டியும், சைக்கிளும், மூன்று சக்கர வண்டியும் இதற்கு உகந்தவையாயின.

பின்னர் லாரி வந்தது. லோடு ஆட்டோ வந்தது. 2005-இல் டாட்டா கம்பெனி வெளியிட்ட ஏஸ் என்னும் சிறு வண்டிக்கு நம்மவர்கள் ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டி அதைச் சந்துபொந்துகளில் எல்லாம் நுழையவிட்டார்கள். வேகம் கிடைத்தது, தூரம் குறைந்தது. ஆயினும் ஒன்று கைநழுவியது. எஞ்சினும் பாரம் ஏற்றும் தட்டும் ஒரே உடலாகிவிட்டபடியால், ஓர் ஆலை வாசலில் பெட்டிகள் எண்ணி ஏறும்வரை விலையுயர்ந்த இயந்திரமும் அதன் டிரைவரும் சும்மா காத்துக் கிடக்கிறார்கள்.

இப்போது நம் தெருக்களில் நுழைந்திருக்கும் மின்சார வண்டியை இந்தக் கண்கொண்டு பார்ப்பதே பொருந்தும். பாட்டரியால் ஓடும் சரக்கு வண்டி உலகுக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் வீடுவீடாகப் பால் கொண்டுசென்ற வண்டிகள் சென்ற நூற்றாண்டிலேயே அவ்விதம் ஓடின. அடிக்கடி நின்று நின்று புறப்படும் குறுந்தூர வேலைக்கு மின்மோட்டாரைப் போல் உகந்தது வேறில்லை. ஏனெனில் புறப்படும் கணத்திலேயே அது முழு இழுவிசையைத் தருகிறது. நம் நாட்டில் 2014-இல் வகுத்த மோட்டார் வாகன விதிகள் ‘இ-கார்ட்’ என்னும் சரக்கு வண்டிக்கு 310 கிலோ பாரத்தையும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தையும் எல்லையாக வைத்தன. நெல் மூட்டைக்கு இந்த எல்லை சிறிது. வெற்றுப் பெட்டிக்கோ தாராளம். அங்கே எடையை முந்திக்கொண்டு இடம்தான் தீர்ந்துபோகும். அந்த இடக்குறையைப் போக்கப் பின்னே ஒரு சிறு டிரெய்லரைக் கொக்கியில் மாட்டுவது, மாட்டை அவிழ்த்துப் பூட்டிய பழைய முறையின் மறுபிறப்பே ஆகும்: ஒரு டிரெய்லர் ஆபீஸ் வாசலில் ஏறிக்கொண்டிருக்க, மற்றொன்று வழியில் போகலாம்.

ஆனால் பழைய சாஸ்திரமும் கூடவே வருகிறது. பின்பாரம் ஏற்றிய டிரெய்லர் கொக்கியை மேலே தூக்கி, பாம்புபோல் நெளியும். இழுக்கும் வண்டியைவிட இழுபடும் பாரம் கனத்தால், இறக்கத்தில் பிரேக் சொன்னபடி கேளாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரைத் தனி வாகனமாகவே கருதிப் பதிவு செய்யச் சொல்கிறது. இதைவிட முக்கியமானது வெடிமருந்து விஷயம். 1884-ஆம் வருஷத்துச் சட்டமும் 2008-இன் விதிகளும் ஆளும் அந்தச் சரக்கின் அருகே ஒரு சிறு பொறிக்கும் இடமில்லை. சுவிட்சிலும் கம்பி முனையிலும் பொறி தோன்றக்கூடிய சாதாரண பாட்டரி வண்டி மருந்து அறைப் பக்கம் அணுகலாகாது. அதன் எல்லை அட்டை, காகிதம், குச்சி, வெற்றுப் பெட்டி என்பவற்றோடு நின்றாகவேண்டும்.

எனினும் மின்வண்டியின் எதிர்காலத்தை மோட்டாரின் பலத்தை வைத்து மட்டும் நிர்ணயிப்பது தவறு. மாடு இளைப்பாற ஓர் இடம் வேண்டியிருந்தது போலவே, பாட்டரிக்கும் மின்சாரம் ஏற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். டிரெய்லர்களை நிறுத்திவைக்கவும் ஒரு பொது வளாகம் வேண்டும். ஒற்றை வண்டிக்காரனால் இவற்றை அமைத்துக்கொள்ள முடியாது. அரசாங்கத்தின் தயவை எதிர்பாராமல், வண்டிக்கும் சரக்குக்கும் பாதுகாப்பான இடத்தைப் பொதுப்பணத்தில் கட்டிக்கொண்ட அனுபவம் இந்தச் சீமைக்கு ஏறக்குறைய 200 வருஷமாக உண்டு. புதிய வண்டியை வாங்குவது சுலபம். மகமை வைத்து அதற்கொரு பேட்டை கட்டிக்கொண்டால்தான் அது இங்கே ஒரு தொழிலாக நிலைக்கும்.