கொலோன் நகரத்து நறுநீர்

எங்கள் ஊர் வீட்டில் மருந்துகளை வைப்பதற்கென்று சுவரில் ஒரு மாடம் இருந்தது. ஓமத் திரவம், வேப்பெண்ணெய், சுக்குப் பொடி ஆகியவற்றின் நடுவே ஒரு சிறு கண்ணாடிப் புட்டியும் அதில் இருந்தது. அதனை நாங்கள் ‘ஓடிகொலோன்’ என்போம். எனக்குப் பத்து வயது நடந்தபோது நச்சுக் காய்ச்சல் கண்டு மூன்று வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். அந்நாள்களில் என் அன்னையார் மெல்லிய துணியொன்றைத் தண்ணீரில் நனைத்து, அதன்மேல் அந்தப் புட்டியிலிருந்து மூன்றே துளி விட்டு, என் நெற்றியில் இடுவார். உடனே நெற்றி குளிரும். எலுமிச்சையும் ஏதோ ஒரு வெள்ளை மலரும் கலந்தாற்போன்ற மணம் மெல்ல எழும். சிறிது நேரத்தில் அது மறைந்தும் போகும். அடுத்த துளி எப்போது விழும் என்று நான் காத்துக் கிடப்பேன். அது மருந்து என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

பின்னாளில் வரலாறு பயின்றபோதுதான் அந்தப் பெயரின் பொருள் எனக்குத் தெரிந்தது. பிரெஞ்சு மொழியில் ‘ஓ’ என்றால் நீர். கொலோன் என்பது ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள ஒரு பழைய நகரம். ஆகவே, கொலோன் நகரத்து நீர் என்பதே எங்கள் மாடத்துப் புட்டியின் பெயர். மாணவ நண்பர்களே, அந்த நீரின் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பாவை நினைத்துப் பாருங்கள். அடிக்கடி நீராடினால் தோலின் நுண்துளைகள் திறந்து நோய் உட்புகும் என்று அக்காலத்து மக்களுள் பலர் அஞ்சினர். செல்வர்களும் கோமக்களும் உடலின் நாற்றத்தை மறைக்கக் கஸ்தூரி, புனுகு, அம்பர் முதலிய கனத்த வாசனைகளைப் பூசிக்கொண்டனர். அவை நாள் முழுதும் நீங்கா. அறை முழுதும் நிறைந்து நிற்கும். மணம் என்பது ஒன்றை மறைக்கும் திரையாக இருந்த காலம் அது.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஓர் இத்தாலியர். ஜொவான்னி மரியா ஃபரீனா என்பது அவர் பெயர். 1685-ஆம் ஆண்டில், வட இத்தாலியின் மலைப்பகுதியில் உள்ள சாந்தா மரியா மஜ்ஜோரே என்ற ஊரில் பிறந்தார். வாணிகத்தின் பொருட்டு அவர் குடும்பத்தார் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வடக்கே சென்றனர். 1709-இல் அவர் சகோதரர் கொலோன் நகரில் ஒரு வாணிக நிலையத்தைத் தொடங்கினார். 1714-இல் ஃபரீனாவும் அதில் சேர்ந்தார். அந்நகரத்தின் புகழ்பெற்ற பெருங்கோயில் 1248-இல் தொடங்கப்பெற்று, அப்போதும் கட்டி முடியாமல் பாதியில் நின்றிருந்தது.

1708-இல் தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் ஃபரீனா தாம் கண்டறிந்த புதிய நறுமணத்தைப் பற்றிக் குறிப்பிட்டார். மழை பெய்து ஓய்ந்த பின் இத்தாலியில் புலரும் ஓர் இளவேனிற் காலையையும், மலைப் பூக்களையும், ஆரஞ்சு மலர்களையும் அது தமக்கு நினைவூட்டுவதாக அவர் எழுதினார். பிறந்த நாட்டின் ஒரு காலைப்பொழுதைப் புட்டியில் அடைக்க முயன்ற இளைஞரின் சொற்கள் அவை. எனினும் அந்த நீருக்கு அவர் சூட்டிய பெயர் பிறந்த ஊரின் பெயரன்று. தம்மை ஏற்றுக்கொண்ட நகரத்தின் பெயரே.

இந்நீரை ஆக்கும் முறை எளிது போலத் தோன்றும். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் என்னும் கனிகளின் தோலிலிருந்து பிழிந்த எண்ணெய்களே இதன் முதற்பொருள்கள். கசப்பு ஆரஞ்சு மரத்தின் வெள்ளைப் பூக்களை வாலையிலிட்டு வடித்தெடுக்கும் ‘நெரோலி’ எண்ணெய் இதற்கு மலர்மணம் தருகிறது. இவற்றைத் தூய சாராயச் சத்தில் கரைப்பர். ஆயின், ஓர் ஆண்டின் கனி போல மறு ஆண்டின் கனி மணப்பதில்லை. ஃபரீனா ஒவ்வொரு முறையும் ஆக்கிய நீரில் சிறிது மாதிரியாக எடுத்து வைத்து, அதனோடு ஒப்பிட்டு, எந்த ஆண்டிலும் மணம் மாறாதபடி கலந்தார். அவருடைய பெருந்திறன் இதுவே. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரின்போது கொலோனில் தங்கிய பிரெஞ்சுப் படையினர் இதனைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். ஃபரீனா 1766-இல் மறைந்தார். நீரின் புகழோ வளர்ந்துகொண்டே சென்றது.

இனி, நான் சிறுவயதில் கொண்ட மயக்கத்திற்கு வருகிறேன். இது மருந்து என்று நம்பியவன் நான் மட்டும் அல்லேன். ‘அற்புத நீர்’ என்று பெயரிட்டு, தலைவலி முதலிய நோய்களுக்கு இதனைப் பூசியும் பருகியும் வந்தனர். 1794 முதல் கொலோன் நகரம் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. 1810-இல் நெப்போலியன் ஓர் ஆணை பிறப்பித்தார். இரகசிய மருந்துகளை விற்போர் அவற்றின் கலவையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அது. தம் கலவையை வெளியிட விரும்பாத வணிகர்கள் ஒரு வழி கண்டனர். எங்கள் சரக்கு மருந்து அன்று. வாசனை நீரே என்று கூறிவிட்டனர்! ஓர் அரசாணையால் அது மருந்துத் தட்டிலிருந்து வாசனைத் தட்டிற்கு இடம் மாறியது. எங்கள் வீட்டு மாடத்திற்கு மட்டும் அந்த ஆணை வந்து சேரவில்லை.

கலவையை மறைத்து வைக்க முடிந்தது. பெயரைக் காக்க முடியவில்லை. வணிகப் பெயருக்குச் சட்டக் காப்பு இல்லாத காலம் அது. ஃபரீனா என்ற பெயரைப் பலரும் புட்டியில் ஒட்டி விற்றனர். நீண்ட வழக்குகள் நடந்தன. 1874-இல்தான் ஜெர்மனியில் வணிகக் குறிகளுக்கான சட்டம் வந்தது. அதன்பின், 1881-இல் அப்பெயரைக் கைவிட நேர்ந்த ஒரு நிறுவனம் தன் பழைய வீட்டு எண்ணாகிய 4711 என்பதையே பெயராகக் கொண்டு புகழடைந்தது. ஃபரீனாவின் நிறுவனம் இன்றும் கொலோனில் இயங்குகிறது. ஆனால் ‘கொலோன்’ என்னும் சொல்லோ உலகெங்கும் மெல்லிய வாசனை நீருக்குப் பொதுப்பெயராகிவிட்டது.

அதன் மென்மைக்குக் காரணம் உண்டு. நூறு பங்கு நீரில் இரண்டு முதல் ஐந்து பங்கு வரையே இதில் நறுமண எண்ணெய் உள்ளது. சாராயச் சத்து விரைந்து ஆவியாகும்போது தோலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. நெற்றி குளிர்வது அதனால்தான். கனிமணம் முதலில் பறந்துவிடும். மலர்மணம் சற்றே தங்கி விடைபெறும்.

இதனை அறியாமல் நான் ஒருமுறை இழுக்குற்றேன். கல்லூரி ஆண்டுவிழாவிற்குப் புறப்பட்டபோது அரைப் புட்டியைச் சட்டையில் கவிழ்த்துக்கொண்டேன். அருகில் அமர்ந்த முதிய ஆசிரியர் எழுந்து சென்று சாளரத்தைத் திறந்துவிட்டு வந்தார். பிறகு என் தோளைத் தொட்டு, “தம்பி, உன் கையைப் பற்றுகிறவனுக்கு உன் மணம் தெரிந்தால் போதும், தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை” என்றார். எனக்கு முகம் சிவந்தது. ஃபரீனா செய்த மாற்றத்தை எனக்கு முதலில் உணர்த்தியவர் அவரே. கனத்த வாசனை தன்னை அறிவிக்கிறது. மெல்லிய மணம் அருகிருப்பவரை மதிக்கிறது. நம் திருமண வாயிலில் பன்னீர் தெளிப்பதும் வருவோர் மனம் குளிர்வதற்கே அன்றோ?

ஆண்டுகள் பல சென்றபின் என் அன்னையார் நோயுற்றுக் கிடந்தார். மருத்துவர் செய்யக்கூடியவற்றை எல்லாம் செய்துவிட்டார். ஒரு மாலையில் நான் துணியை நனைத்து, மூன்றே துளி விட்டு, அவர் நெற்றியில் இட்டேன். கண் திறவாமலே அவர் முகம் மலர்ந்தது. “காய்ச்சல் விட்டுவிட்டதா உனக்கு?” என்று கேட்டார்.

அது மருந்தா, வாசனையா என்று இன்று எவரேனும் என்னைக் கேட்டால், 1810-ஆம் ஆண்டின் ஆணையை நான் எடுத்துக் காட்டமாட்டேன்.