ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? கெமிஸ்ட்ரி லேபில் கவனிக்க வேண்டியவை!

செய்முறைத் தேர்வு நெருங்கினால் மாணவர்களுக்கு ஒரே கவலை, 'உப்பு எது, டைட்ரேஷன் ரீடிங் சரியா வருமா' என்பதுதான். ஆனால் லேபில் தினமும் செய்யும் சின்ன வேலைகளிலேயே கண்ணுக்கு ஆபத்து இருக்கிறது.

ஆசிட்டில் தண்ணீரா? தண்ணீரில் ஆசிட்டா?

எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட். அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி சுமார் 1.84. அதாவது தண்ணீரைவிட கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் மேலேயே நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் கடும் வெப்பம் கிளம்பும். தண்ணீர் சட்டெனக் கொதித்து, ஆசிட்டையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். நிறைய தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு கலக்கினால், அந்தச் சூட்டைத் தண்ணீரே வாங்கிக்கொள்ளும்.

நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனையிலும் இதே கதைதான். சோதனைக் குழாயைச் சாய்த்து, சுவர் வழியா ஆசிட்டை மெதுவா இறக்க வேண்டும். குலுக்கினால் வளையமும் கலையும், சூடும் ஒரேயடியா ஏறும்.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சலாமா?

கூடவே கூடாது. 'எங்க சாரே அப்படித்தான் செய்வார்' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டைட்ரேஷனில் பயன்படும் ஆக்சாலிக் அமிலம் விஷத்தன்மை கொண்டது. பிப்பெட்டின் நுனி திரவத்தைவிட்டு கொஞ்சம் மேலே வந்தாலே போதும், மொத்தமும் வாய்க்குள் பாய்ந்துவிடும். ரப்பர் பல்ப் கேட்டு வாங்குங்கள்.

சூடாக்கும்போது குழாயின் வாய் யார் பக்கமும் இருக்கக்கூடாது, பக்கத்து டேபிள் நண்பர் பக்கமும்தான்.

கெமிக்கல் பட்டுவிட்டால்?

உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். நனைந்த உடையை அப்போதே கழற்றிவிடுங்கள், கூச்சம் பார்க்கிற நேரமல்ல. ஆசிட் பட்ட இடத்தில் காரம் தேய்த்தால் சரியாகும் என்பது தப்பு. அந்த வினையிலும் வெப்பம் வரும். சோடியம் ஹைட்ராக்சைடு 'ஆசிட் இல்லையே' என்று அலட்சியம் வேண்டாம். அது கண்ணுக்குள் ஆசிட்டைவிட ஆழமாக ஊடுருவக்கூடியது.

கழுவிய பிறகு டாக்டரிடம் போகும்போது, பாட்டில் லேபிளை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். என்ன கெமிக்கல் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.