வாட்டர்கேற் விவகாரமும் பொதுசன ஆதரவும்

தலைவர் ஒருவரின் முறைகேடு வெளிப்பட்டதும் மக்கள் அவரைக் கைவிட்டுவிடுவர் என்பது பொதுவாக நிலவும் நம்பிக்கையாகும். வரலாறு இந்நம்பிக்கைக்கு எளிதில் இடந்தருவதில்லை. குற்றம் நிகழ்வதற்கும் அது அறியப்படுவதற்கும், அறியப்பட்டது நம்பப்படுவதற்கும் இடையே நெடுங்காலம் கழிதல் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் 37ஆவது ஜனாதிபதி றிச்சட் நிக்ஸனின் வீழ்ச்சி இவ்விடைவெளியை ஆராய்வதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கலப் நிறுவனம் பொதுசன அபிப்பிராயத்தை இடையறாது அளவிட்டு வந்தமையால், மக்கள் மனம் மாறிய விதத்தை ஈண்டு படிப்படியாகக் காணமுடிகின்றது.

1972 யூன் 17ஆந் திகதி, வாஷிங்ரன் நகரில் வாட்டர்கேற் கட்டடத்திலிருந்த ஜனநாயகக் கட்சித் தலைமைப் பணிமனையுள் அத்துமீறி நுழைந்த ஐவர் கைதாயினர். அவர்களுள் ஒருவர் நிக்ஸனின் மறுதேர்தற் குழுவிற் பாதுகாப்புப் பொறுப்பு வகித்தவர். பத்திரிகைகள் சில இவ்விவகாரத்தைத் துருவி ஆராய்ந்து எழுதின. ஆயினும், அவ்வாண்டு நவம்பர் மாதத் தேர்தலில் 50 மாநிலங்களுள் 49 நிக்ஸன் வசமாயின. வாக்களித்தோரில் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் அவரையே தெரிந்தனர். 1973 ஜனவரியில் வியட்நாம் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தான வேளையில், நூற்றுக்கு 67 பேர் அவரது ஆட்சியை அங்கீகரித்தனர்.

எட்டு மாதங்கள் கழியுமுன்னர் அத்தொகை 31 ஆகச் சுருங்கியது. இடைக்காலத்தில் நிகழ்ந்தவை யாவை? மார்ச் மாதத்தில், தண்டனையை எதிர்நோக்கியிருந்த கைதிகளுள் ஒருவர், வழக்கில் பொய்ச்சாட்சி கூறப்பட்டதென நீதிபதிக்கு எழுதினார். ஏப்ரில் இறுதியில் ஜனாதிபதியின் நெருங்கிய ஆலோசகர்கள் பதவி துறந்தனர். மே மாதத்திலிருந்து செனற் சபைக் குழுவின் விசாரணை தொலைக்காட்சி மூலம் இல்லந்தோறும் சென்றடைந்தது. ஜனாதிபதியின் அறையில் நிகழ்ந்த உரையாடல்கள் ஒலிநாடாக்களிற் பதிவாகியுள்ளன என்பது யூலையில் வெளியாயிற்று. பத்திரிகைச் செய்தியால் அசையாதிருந்த மக்கள், சத்தியஞ் செய்து கூறப்பட்ட சாட்சியத்தைத் தாமே கண்டுங் கேட்டும் அசைந்தனர்.

இவ்வீழ்ச்சி முழுவதையும் வாட்டர்கேற் விவகாரத்தின் மீது மாத்திரம் சுமத்துதல் பொருந்தாது. 1973இல் உணவுப் பொருள்களின் விலை கடுமையாக ஏறியது. ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடி தோன்றியது. வாழ்க்கைச் செலவால் வருந்திய மக்கள் தலைவரின் தவறுகளைப் பொறுத்தருளும் மனநிலையில் இருக்கவில்லை.

அதே ஒக்டோபரில், ஒலிநாடாக்களைக் கோரிய விசேட வழக்குத் தொடுநர் ஆர்ச்சிபோல்ட் கொக்ஸை நிக்ஸன் பதவி நீக்கச் செய்தார். அதற்கு உடன்பட மறுத்த சட்டமா அதிபர் தாமே பதவி துறந்தார். பணிமனையுள் நுழைந்த சிலரின் குற்றம் பெரிதா சிறிதா என்ற விவாதம் இப்போது பின்தள்ளப்பட்டு, ஜனாதிபதி சட்டத்துக்கு மேற்பட்டவரா என்பதே வினாவாயிற்று. 1974 யூலை 24இல் உயர் நீதிமன்றம் ஒருமனதாக ஒலிநாடாக்களை ஒப்படைக்கக் கட்டளையிட்டது. ஓகஸ்ற் 5இல் வெளியான நாடாவொன்று, புலனாய்வைத் தடுக்க 1972 யூன் 23இலேயே நிக்ஸன் உடன்பட்டிருந்தமையைக் காட்டிற்று. ஓகஸ்ற் 9இல் அவர் பதவி துறந்தார். அவ்வேளையிலும் நூற்றுக்கு 24 பேர் அவரை அங்கீகரித்தனர். அவரது குடியரசுக் கட்சியினருள் ஏறத்தாழ அரைப்பங்கினர் அவருடனேயே நின்றனர். கட்சிப்பற்று என்பது சான்றுகளுக்கு இறுதியிலேயே வழிவிடுவது.

அடுத்து வந்த ஜெரல்ட் போட், ஒரு மாதத்துள் நிக்ஸனுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியமையால் தமது ஆதரவில் பெரும்பகுதியை இழந்தார். இதற்கு மாறானது பில் கிளின்ரனின் அனுபவம். சத்தியஞ் செய்து பொய்யுரைத்தார், நீதிக்குத் தடையாயிருந்தார் என்று 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அவர்மீது குற்றஞ்சாட்டிய வேளையில், நூற்றுக்கு 73 பேர் அவரது ஆட்சியை அங்கீகரித்தனர். பொருளாதாரம் செழித்திருந்தது, பலர் அவரது பிழையைத் தனிவாழ்வின் பிழையாகவே கொண்டனர். ஆகவே, ஆதரவின் ஏற்ற இறக்கத்தைக் குற்றம் மாத்திரம் நிர்ணயிப்பதில்லை. குற்றத்தின் இயல்பு, காலத்தின் வளம், சான்றின் வலிமை ஆகிய மூன்றும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன.

மக்கள் ஆதரவு ஒருவரது நேர்மைக்குச் சான்றாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும். 49 மாநிலங்கள் நிக்ஸனைத் தெரிந்த நாளில், அவரைப் பின்னர் வீழ்த்திய ஒலிநாடா ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அதனை வெளிக்கொணர்ந்தவை நீதிமன்றமும் சட்டமன்றமும் பத்திரிகைகளுமேயாகும். அவை மௌனஞ் சாதித்திருப்பின், மக்கள் தீர்ப்புக் கூறுவதற்கு ஆதாரமெதுவும் இருந்திராது. பொதுசன அபிப்பிராயம் வலிமை மிக்கதே. ஆயின், அறியாததைப் பற்றி அது தீர்ப்புக் கூறுதல் இயலாது.