அரண்மனையில் ஒரு பட்டறை

விழா மலர்க் கட்டுரைக்கென்று ஒரு வாய்பாடு இருக்கிறது. கட்டடம் கொடுத்தவர், திறந்து வைத்தவர், தலைமை ஏற்றவர்கள், படுக்கைகளின் எண்ணிக்கை, முடிவில் வாழ்த்து. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வாய்பாட்டை ஒரு பத்தியில் முடித்துக்கொள்வேன். மிச்ச இடம், நோயாளியின் உடம்புக்குள் போகாமலே குப்பைக்குப் போன மூன்று வால்வுகளுக்கு. அந்த நிறுவனத்தின் உண்மையான சரித்திரம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் அந்த ஒரு பத்தி. 1973-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் பல மாடிக் கட்டடம் ஒன்றைக் கேரள அரசுக்குக் கொடையாகக் கொடுத்தார்கள். பெயர், திருவிதாங்கூரின் கடைசி மகாராஜாவான சித்திரைத் திருநாள் பலராம வர்மாவினுடையது. 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அதே மகாராஜா. திட்டக் குழுத் துணைத் தலைவர் பி.என். ஹக்ஸர் 1976-இல் மருத்துவமனையைத் திறந்து வைத்தார். 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வந்தது. சுகாதாரத் துறையின் கீழ் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரி ஒன்று ஏன் அறிவியல் துறைக்குப் போக வேண்டும் என்பதற்கு விடை, ஊரின் இன்னொரு பக்கத்தில் இருந்தது.

கட்டடத்தை என்ன செய்வது என்று யோசித்த அன்றைய முதல்வர் அச்சுத மேனன், எம்.எஸ். வலியத்தான் என்ற இதய அறுவை மருத்துவரை அழைத்தார். மாவேலிக்கரைக்காரர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயின்றவர். வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சார்லஸ் ஹஃப்நேகலிடம் பயிற்சி பெற்றவர். 1952-இல் மனித உடலுக்குள் முதன்முதலாகச் செயற்கை வால்வு வைத்தவர் இந்த ஹஃப்நேகல்தான். இதயத்துக்குள் அல்ல, கீழிறங்கும் பெருந்தமனியில். இந்தியா திரும்பிய வலியத்தான் கொஞ்ச காலம் சென்னையில் இருந்தார். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, ஐ.ஐ.டி.யில் பாடம். கத்தி பிடிக்கிறவருக்குப் பொறியாளர்களோடு ஒரே மேஜையில் உட்காரும் பழக்கம் அங்கே வாய்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். 1974-இல் திருவனந்தபுரம் வந்தவர், அடுத்த இருபது ஆண்டுகள் அந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார்.

அவர் கேட்டது ஆஸ்பத்திரி மட்டுமல்ல, பட்டறையும். அது பூஜப்புரையில் இருக்கும் சாட்டல்மண்ட் அரண்மனையில் அமைந்தது. 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்ட சேது லட்சுமி பாய் மகாராணி வாழ்ந்த அரண்மனை. ராணி உலாவிய வளாகத்துக்குள் கடைசல் இயந்திரங்களும் பாலிமர் ஆய்வகமும் செம்மறி ஆட்டுக் கொட்டிலும் வந்து சேர்ந்தன. மருத்துவமனைக்கும் அரண்மனைக்கும் இடையே சுமார் பதினோரு கிலோமீட்டர். ஒரே தலைவர், ஒரே சட்டம், இரண்டு இடம். இந்தியாவில் அன்றைக்கு அப்படி ஓர் ஏற்பாடு வேறெங்கும் இல்லை.

முதல் பெரிய வேலையாக வால்வைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று அந்தக் காலத்து இதய வார்டுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்களில் பெரும்பகுதி பைபாஸ் கேஸ் அல்ல. பன்னிரண்டு வயதுப் பையனும் இருபது வயதுப் பெண்ணும். சிறுவயதில் தொண்டைப்புண் வந்திருக்கும், பிறகு மூட்டுகள் வீங்கியிருக்கும், வீட்டில் வாதம் என்று எண்ணெய் தடவியிருப்பார்கள். அந்த வாதக் காய்ச்சல் மூட்டை விட்டுப் போனபின்னும் இதய வால்வுகளை விடுவதில்லை. இதழ்கள் தடித்து, ஒட்டி, சுருங்கிவிடும். அல்லது மூடாமல் ஒழுகும். மருந்து ஓரளவுக்குத்தான். வால்வையே மாற்ற வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அந்த வால்வின் விலை, அறுவை சிகிச்சைக்கு வந்த குடும்பத்தின் பல வருடச் சம்பாத்தியம்.

இதயம் ஒரு நாளில் ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. வருடத்துக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் கோடி. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு ஒரு தடவை திறந்து மூட வேண்டும். பத்து வருடத்துக்குத் தாங்குமா என்று பார்க்கப் பத்து வருடம் காத்திருக்க முடியாது. அதனால் திரவத்துக்குள் வைத்து, இதயத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் இரவும் பகலும் திறந்து மூடச் செய்யும் இயந்திரம் உண்டு. தேய்மானம் எங்கே, விரிசல் எங்கே என்று அது காட்டிக்கொடுக்கும். ஜி.எஸ். புவனேஸ்வர் தலைமையில் பொறியாளர்கள் குழு பூஜப்புரையில் இதைத்தான் வருடக்கணக்கில் செய்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டது சாயும் தட்டு வகை. ஒரு வளையம், அதற்குள் தாங்கு கம்பிகள், நடுவில் கதவு போலச் சாய்ந்து திறக்கும் வட்டத் தட்டு, சுற்றிலும் தையல் போடத் துணி வளையம். காகிதத்தில் பார்த்தால் எளிமைதான். முதல் மாதிரியில் தாங்கு கம்பியை வளையத்தோடு பற்றவைத்தார்கள். பற்றவைத்த இடம் நொறுங்கும் தன்மை பெற்று முறிந்தது. தட்டு வெளியே வந்துவிட்டது. சோதனை இயந்திரத்தில் நடந்ததால் அது ஒரு குறிப்பு. மனிதருக்குள் நடந்திருந்தால் சில நிமிடங்களில் சாவு. இரண்டாவது மாதிரியில் கூடு டைட்டானியம், தட்டு செயற்கை நீலக்கல். கல் கடினம், உலோகம் அதைவிட மென்மை. கல் உலோகத்தைத் தேய்த்துத் தின்றது. மூன்றாவதில் கூட்டை மாற்றினார்கள். ஹேன்ஸ்-25 என்ற கோபால்ட், குரோமியக் கலப்பு உலோகம். கூடு தாங்கியது, இந்த முறை நீலக்கல் தட்டு உடைந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் பியோர்க்-ஷைலி என்ற பேர்பெற்ற வால்வின் புதிய வடிவம் ஒன்று சந்தைக்கு வந்தது. அதிலும் ஒரு தாங்கு கம்பி பற்றவைத்ததுதான். 1979-இலிருந்து 1986 வரை உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தினார்கள். பிறகு கம்பிகள் முறியத் தொடங்கின. நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குள், பற்றவைத்த இடத்தில். 1986-இல் அந்த வடிவம் சந்தையை விட்டுப் போனது. நம்மவர்களுக்குப் பணம் குறைவு, அனுபவம் குறைவு, அரசாங்கத் தணிக்கைக்காரர்களின் கேள்விகள் அதிகம். இத்தனை வருடமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு உடைந்த துண்டுகளே இருந்தன. அவற்றை மறைக்காமல் மூன்று தோல்வியையும் ஆய்விதழில் காரணத்தோடு எழுதி வைத்தார்கள். என்னைக் கேட்டால், நிறுவனத்தின் வாசலில் வைக்க வேண்டியது அந்த நீலக்கல் சில்லுகளைத்தான்.

நான்காவது மாதிரியில் தட்டு பிளாஸ்டிக். இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் கிண்ணமாக வைக்கிறார்களே, அதே வகையைச் சேர்ந்த மிக அடர்ந்த பாலிஎத்திலீன். கூடு ஹேன்ஸ்-25, பற்றவைப்பே இல்லாமல் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. தட்டு திறந்து மூடும்போது மெல்லத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். ஆகவே தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் விளிம்பெங்கும் பரவும். கல்லும் உலோகமும் மோதிய இடத்தில் பிளாஸ்டிக் ஜெயித்தது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. சோதனை இயந்திரம் ஏற்றுக்கொண்டது, செம்மறி ஆடுகள் ஏற்றுக்கொண்டன. 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

அதன் பிறகு செய்தது, கொண்டாட்டத்தைவிடக் கடினமான காரியம். உடனே விற்பனைக்குக் கொடுக்காமல், நாட்டின் ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்குப் பொருத்தி, ஒவ்வொருவரையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 101 பேருக்குப் பெருந்தமனி வால்வு, 205 பேருக்கு மைட்ரல். யாருக்கு ரத்தக்கட்டி அடைத்தது, யாருக்கு ரத்தக்கசிவு, யார் இறந்தார்கள், இறந்தது வால்வினாலா வேறு காரணத்தாலா என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். எல்லா உலோக வால்வுகளிலும் வருகிற ரத்தக்கட்டியும் கசிவும் இதிலும் வந்தன, அதையும் எழுதினார்கள். வால்வின் அமைப்பு உடைந்ததாக ஒரு சம்பவமும் இல்லை. சென்னை டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றுக்கொண்டது. குக்கரில் பேர்வாங்கிய வீட்டார் வால்வு செய்ய வந்ததைப் பார்த்து அப்போது சிரித்தவர்கள் உண்டு. குக்கர் மூடியும் ஒருவகை வால்வுதானே. அந்த டி.டி.கே. சித்திரா வால்வு இன்றைக்கு லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாகிவிட்டது. ரத்தப் பை முதலான மற்ற கண்டுபிடிப்புகளுக்கு இந்த மலரில் தனிக் கட்டுரைகள் தேவைப்படும். நான் அவற்றைத் தாண்டிப் போகிறேன்.

தாண்ட முடியாத ஒன்று, எங்கள் கடற்கரையோடு சம்பந்தப்பட்ட நோய். கேரளத்திலும் உகாண்டாவிலும் அதிகம் கண்ட இதய உள்ளுறை நார்த்திசு நோய். ஆங்கிலச் சுருக்கம் ஈ.எம்.எஃப். 1948-இல் கம்பாலாவில் டேவிஸ் என்ற நோய்க்கூற்று மருத்துவர் முதலில் விவரித்தார். இதய அறையின் உட்சுவர் தழும்பு போலத் தடித்து, அறையின் அடிப்பகுதி அடைபட்டுப்போகும். இதயம் சுருங்கும், விரியாது. வயிறு மகோதரம் போல வீங்கும், கைகால் சூம்பும். வந்தவர்கள் எல்லாருமே ஏழைகள், பாதிப்பேர் சின்ன வயசு. கல்லீரல் கோளாறு என்று வருடக்கணக்கில் மருந்து தின்றுவிட்டு வருவார்கள். எக்கோ வந்த பிறகுதான் அறையின் அடி அடைந்திருப்பது படத்தில் பளிச்சென்று தெரிந்தது. வலியத்தான் அந்தத் தழும்புத் தோலை உரித்தெடுக்கும் அறுவையைச் செய்தார். ஆபத்து மிகுந்தது, தப்பியவர்கள் உண்டு, தப்பாதவர்களும் உண்டு.

ஏன் இங்கே மட்டும் என்ற கேள்விக்கு வலியத்தானும் நோய்க்கூற்றியல் பேராசிரியர் சி.சி. கர்த்தாவும் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். சவறா தொடங்கி எங்கள் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி வரை கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியமும் சீரியமும். அந்த மண்ணில் விளையும் மரச்சீனிக் கிழங்குதான் அந்நாளில் ஏழை வீட்டு இரவுச் சோறு. நோயாளிகளின் இதயத் திசுவை அளந்தபோது சீரியம் கூடுதலாகவும் மக்னீசியம் குறைவாகவும் இருந்தன. மக்னீசியம் குறைந்த தீனியோடு சீரியமும் கொடுத்த எலிகளின் இதயத்தில் நார்த்திசு வளர்ந்தது. அருமையான கருதுகோள். ஆனால் ஒட்டுண்ணிப் புழு, ஈசினோஃபில் அணுக்கள், ஊட்டக்குறைவு என்று வேறு கட்சிகளும் இருந்தன. எதுவும் முழுமையாக நிலைபெறவில்லை. இதற்குள் மக்கள் அரிசி சாப்பிட்டார்கள், புழு மருந்து தின்றார்கள், கொஞ்சம் வசதி வந்தது. நோய் தானாகக் குறைந்துகொண்டே போயிற்று. இன்றைய முதுநிலை மாணவர் பலர் புதிய ஈ.எம்.எஃப். நோயாளியைப் பார்க்காமலே தேர்வு எழுதுகிறார்கள். ஆய்வாளருக்கு இதைவிடச் சங்கடமான சந்தோஷம் இருக்க முடியாது.

நிறுவனத்தின் மூன்றாவது கை, அச்சுத மேனன் பெயரில் அமைந்த பொதுச் சுகாதார மையம். அழைத்த முதல்வரின் பெயர் அங்கே போய்ச் சேர்ந்தது பொருத்தம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து நெய்யாற்றின்கரை தாலுகாவில் அவர்கள் நடத்திய சோதனை ஒன்று எனக்குப் பிடிக்கும். இதயத்துக்கு வருகிற கேட்டுக்குச் சர்க்கரையும் வழிகாட்டும் என்பதால், சர்க்கரை வருமுன்னே தடுக்கப் பார்த்தார்கள். 60 வாக்குச்சாவடிப் பகுதிகள், 1007 பேர். யாருக்கு அபாயம் அதிகம் என்று கண்டுபிடிக்கச் சென்னை டாக்டர் மோகன் குழுவினர் உருவாக்கிய மதிப்பெண் முறை. ஊர்க்காரர்களே தலைவர்களாக இருந்து கூட்டம் போட்டு, உணவும் நடையும் பற்றிப் பேசினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பகுதிகளில் 14.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்திருந்தது, மற்றப் பகுதிகளில் 17.1. புள்ளியியல் கணக்கில் அதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. 2018-இல் அப்படியே அச்சிட்டார்கள், தலைப்பில் வெற்றி முழக்கம் எதுவும் இல்லாமல். பூஜப்புரை வழக்கம் அங்கேயும் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மாமிக்குத் தொண்ணூறுகளில் சித்திராவில் மைட்ரல் வால்வு மாற்றினார்கள். விடியற்காலை நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினால் ஓ.பி. திறக்குமுன் போய்விடலாம். வரிசையில் பாதித் தமிழ், பாதி மலையாளம். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு எதில் பேசுகிறோம் என்பதே தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை. கீரை அந்த மாத்திரையின் வேலையை மாற்றும், ஆகவே முருங்கைக்கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து மாமி ஒரு கோடுபோட்ட நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். தேதி, ரத்தம் உறையும் நேரம் காட்டும் பி.டி. டெஸ்ட் அளவு, மாத்திரை முழுசா அரையா, அந்த வாரம் எத்தனை நாள் கீரை. மாமா ஒருமுறை வெள்ளிக்கிழமைக் கீரையைக் கணக்கில் விட்டுவிட்டதற்கு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை நாங்கள் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா அம்மா என்று கேட்டாராம். மாமி கொடுக்கவில்லை. அடுத்த முறை வரும்போது நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.